நாற்பத்தைந்து நிமிடம்

வெள்ளை வேன் திரும்பும்போதே
பத்துமலை அண்ணன் ரேடியோவைத் தணித்துவிடுவார்.
நான் கேட்டதில்லை. அவராகத் தணிப்பார்.

பன்னிரண்டு பேர். கழுத்தில் மஞ்சள் நாடா.
குடை வேண்டாம் என்பார்கள்,
ஜெலுத்தோங் வெயிலைத் தெரியாதவர்கள்.
வணக்கம், செலாமாட் டாத்தாங்,
என் பெயர் நகுலேஸ்வரி,
இந்த லோரோங் ஏழில்தான் பிறந்தேன்.
பார்த்து நடங்கள், சாக்கடை மூடி ஆடும்.
அறக்கட்டளை அச்சடித்துத் தந்த தாளில்
சாக்கடை மூடி இல்லை.
அது நான் சேர்த்தது.

இது முடிவெட்டும் கடை.
ஆறு பேர் பாராங் கத்தியோடு நுழைந்தது இந்த முனையில்.
நாற்காலியில் இருந்தவர்
பாதித் தலையோடு எழுந்து ஓடினார்.
அடுத்த வாரம் மறுபாதிக்கு வந்தார் என்றதும்
எல்லோரும் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும். அதற்காகத்தான்
இதை முதலில் வைத்திருக்கிறேன்.

சுவரில் மூன்று வெட்டு.
நினைவுக்காக விட்டுவைத்தோம் என்கிறது தாள்.
அன்றைக்குப் பெயிண்ட் போதவில்லை, அவ்வளவுதான்.
யாராவது ஒருவர் வெட்டுக்குள்
விரலை விட்டுப் பார்க்காமல் போனதில்லை.

மூன்றாம் மாடியிலிருந்து கையசைப்பது மக் சு ரொகாயா.
பதினொரு பிள்ளைகளைக் குளியலறையில் ஒளித்துவைத்து
கதவில் முதுகைக் கொடுத்து நின்றவள்.
ஒன்பது பேர்தான் என்கிறாள் அவள்.
பிள்ளைகள் எண்ணினால் பதின்மூன்று வருகிறது.
நான் பதினொன்று என்கிறேன்.

பதினான்காம் எண் வீட்டின் முன்னால்
ஒரு நிமிட மௌனம்.
லோகேஸ்வரனின் அப்பா
சனிக்கிழமை பத்து மணிக்குச் சரியாக
வாஷிங் மெஷினைப் போட்டுவிடுவார்.
ஒரு நிமிடம் முழுக்க அது சுற்றும்,
சட்டைப் பொத்தான் ஒன்று
உள்ளே தட்டித் தட்டி.
பாவம், வேலையாக இருக்கிறார் போல,
என்று கிசுகிசுத்தார் ஒருமுறை ஒருவர்.
ஆமாம் என்றேன்.

இங்கே வாழப் பயமாக இல்லையா?
வாடகை இருநூற்றிருபது ரிங்கிட் என்பேன்.
சிலர் அதையும் எழுதிக்கொள்வார்கள்.

நீங்கள் அன்று எங்கே இருந்தீர்கள்?
இதை எல்லோரும் கேட்பதில்லை.
பாயான் லெப்பாஸ் ஃபாக்டரியில், இரவு ஷிஃப்ட்.
வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது,
தெருவைக் கழுவியிருந்தார்கள்.
பார்த்தவர்கள் யாரும் இந்த வேலைக்கு
விண்ணப்பம் போடவில்லை.

கடைசியாகக் காலை ஆகாரம்.
தாளில் இல்லாத இடம் இது.
வேதவல்லி அக்காவின் இடியாப்பத் தட்டு,
தேங்காய்ப்பூ, பழுப்புச் சீனி,
பொட்டலம் இரண்டு ரிங்கிட்.
ஆறு பேரில் நான்காவது ஆள் அவள் மகன் என்று
நான் சொல்வதில்லை.
எட்டு மாதம் யாரும் வாங்காமல்
அவள் கொட்டிய மாவு
வீட்டு வாசல்களைத் தாண்டி
சாக்கடையில் வெள்ளையாக ஓடியதையும்.
முதல் வேன் வந்த அன்று
வேறெங்கும் கடை திறக்கவில்லை என்று
பொய் சொல்லித்தான் கூட்டிவந்தேன்.
ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.
நல்ல எண்ணம் என்று சொல்லிக்கொள்ள
ஆசையாகத்தான் இருக்கிறது.

பத்துமலை அண்ணன் இப்போது
கடைப்பையனை அனுப்பி வாங்குகிறார்.
பதினான்காம் எண்ணிலிருந்து
இதுவரை யாரும் இல்லை.

இவ்வளவு மெத்தென்று எப்படி வருகிறது அக்கா?
விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்
ஜொகூரிலிருந்து வந்த ஒரு பெண்.
"தண்ணி நல்லாக் கொதிக்கணும்,"
என்றாள், தலை நிமிராமல்,
சில்லறையை இரண்டு தடவை எண்ணி.

வேன் போகும். ரேடியோ ஏறும்.
நாடாக்களைச் சுருட்டிப் பையில் போடுவேன்.
காசு வேண்டாம் என்று எனக்கொரு பொட்டலம் நீட்டுவாள்.
இரண்டு ரிங்கிட்டைத் தட்டுக்கு அடியில் செருகிவிட்டு
வீட்டுக்கு எடுத்துப் போவேன்.

சில வாரம் சாப்பிடுகிறேன்.